கார்ல்ஸ்ரூ பட்டறையில் சொட்டிய அம்மோனியா

தொழில்நுட்பக் கல்விக்கூடங்களின் கதை – 9

கார்ல்ஸ்ரூ கல்லூரியின் விரிவுரைக் கூடத்தில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைக் கண்டறிந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அவர் 1889இல் பான் நகருக்குப் போய்விட்டார். ஐந்தாண்டு கழித்து, 1894இல், அதே வளாகத்துக்கு உதவியாளர் வேலைக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் ஃபிரிட்ஸ் ஹேபர், வயது 25. பிரெஸ்லாவ் நகரத்துச் சாயச் சரக்கு வணிகரின் மகன். அப்பாவின் கடையில் உட்கார்ந்து பார்த்து, அவரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். படித்துப் பட்டம் வாங்கியது கரிம வேதியியலில். பின்னாளில் அவருக்குப் புகழ் தந்த இயற்பியல் வேதியியலைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார்.

கார்ல்ஸ்ரூ அன்று பாடன் நாட்டின் தலைநகரம். பாரிஸின் எகோல் பாலிடெக்னிக்கை முன்மாதிரியாக வைத்து 1825இல் தொடங்கிய பள்ளி, 1885இல் தொழில்நுட்ப உயர்கல்லூரி ஆனது. பெயர் உயர்ந்ததே தவிர மரியாதை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடவில்லை. ஹைடல்பெர்க் போன்ற பழைய பல்கலைக்கழகங்கள் இத்தகைய கல்லூரிகளைத் தமக்குச் சமமாக நினைக்கவில்லை. முனைவர் பட்டம் வழங்கும் உரிமையே அவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் கிடைத்தது.

ஆனால் பழைய பல்கலைக்கழகங்களில் எளிதில் கிடைக்காத ஒன்று இங்கே இருந்தது. ஹேபரைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியர் ஹான்ஸ் புன்டே நிலக்கரி வாயு, உலை, எரிபொருள் ஆகியவற்றில் கரைகண்டவர். தெருவிளக்கில் எரியும் வாயுவும் உலையிலிருந்து வெளியேறும் புகையும்தான் அவருடைய பாடப்பொருள். இன்னொரு பேராசிரியரான கார்ல் எங்லருக்கு, ரயிலில் போய்வரும் தூரத்தில் லுட்விக்ஸ்ஹாஃபெனில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப் சாயத் தொழிற்சாலையோடு நெருக்கமான தொடர்பு உண்டு. ஒரு வாயுவை எவ்வளவு சூடாக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே கரும்பலகையோடு நிற்காது. உலைக்காரரும் ஆலைக்காரரும் அதற்குப் பதில் கேட்டு வந்து நிற்பார்கள். ஹேபர் அந்தச் சூழலில் 17 ஆண்டுகள் இருந்தார். நான் இந்தத் தொடரில் அவரைப் பெர்லினில் வைக்காமல் கார்ல்ஸ்ரூவில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

1905இல் அவர் எழுதிய புத்தகம், தொழில்துறை வாயு வினைகளின் வெப்பஇயக்கவியல் பற்றியது. அதை மனைவி கிளாராவுக்குக் காணிக்கையாக்கினார். கிளாரா இம்மர்வார், பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1901இல் திருமணம் ஆனது. அதன்பின் அவருக்கென்று ஓர் ஆய்வகம் அமையவே இல்லை. காணிக்கைப் பக்கத்தில் நன்றி இருக்கிறது; ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் இல்லை. அந்த இழப்பை இந்தக் கதையின் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

இனி நைட்ரஜனுக்கு வருவோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். நெல்லும் கோதுமையும் வளர நைட்ரஜன் வேண்டும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிரால் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. அந்தப் பிடியைப் பிரிக்கப் பயிருக்குச் சக்தி இல்லை. பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் பிரிக்கும். மின்னல் கொஞ்சம் பிரிக்கும். மற்றபடி சாணம், இலைதழை, எலும்பு என்று பழைய நைட்ரஜனைத்தான் உழவர்கள் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா பெரு நாட்டுத் தீவுகளின் பறவை எச்சத்தையும், பிறகு சிலி நாட்டுப் பாலைவனத்தின் வெடியுப்பையும் கப்பல் கப்பலாக இறக்கியது. 1898இல் பிரிஸ்டல் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் அதன் தலைவர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்: வெடியுப்பு ஒருநாள் தீரும், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலர்கள் வழி காணாவிட்டால் கோதுமை உண்ணும் மக்கள் பட்டினியைச் சந்திப்பார்கள்.

வெடியுப்பு உரத்துக்கு மட்டும் போகவில்லை, வெடிமருந்துக்கும் போனது. அரசுகளின் அக்கறையில் பாதி அங்கேதான் இருந்தது.

வழி காண முயன்று தோற்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். 1900இல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், சூடான இரும்பின் மேல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி அம்மோனியா செய்துவிட்டதாக பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனத்துக்கு எழுதினார். அதைச் சோதிக்கும் வேலை புதிதாகச் சேர்ந்திருந்த கார்ல் போஷ் என்ற இளம் வேதியியலரிடம் வந்தது. அந்த அம்மோனியா காற்றிலிருந்து வரவில்லை, இரும்பிலேயே முன்பு கலந்திருந்த நைட்ரஜனிலிருந்து வந்தது என்று போஷ் காட்டிவிட்டார். உலகமே மதித்த ஆஸ்ட்வால்ட் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு பிரான்சில் லெ ஷாட்டலியே உயர் அழுத்தத்தில் முயன்றார், கருவி வெடித்தது, அவரும் கைவிட்டார்.

1903இல் வியன்னாவிலிருந்து மார்குலியஸ் சகோதரர்கள் என்ற தொழிலதிபர்கள் ஹேபரை அணுகினார்கள். அவர்கள் கேட்டதற்காகத்தான் 1904இல் அவர் முதன்முதலாக இதை அளந்தார். 1,000 டிகிரி வெப்பத்தில் இரும்பை வினையூக்கியாக வைத்துப் பார்த்தபோது, வாயுக் கலவையில் அம்மோனியாவாக மாறியது 0.005 விழுக்காட்டிலிருந்து 0.012 விழுக்காடு வரை. கீழ் அளவை எடுத்துக்கொண்டால் 20,000 பங்கில் ஒரு பங்கு. இதில் தொழில் நடத்த முடியாது என்று வியன்னாக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஹேபர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

சிக்கல் எங்கே என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே குளிர்ச்சியான இடத்தில்தான் அம்மோனியா அதிகம் நிலைத்திருக்கும். ஆனால் குளிர்ச்சியில் அந்த மூன்று பிணைப்பு அசையாது, வினையே நடக்காது. சூடாக்கினால் வினை வேகமாக நடக்கும், உண்டான அம்மோனியா அதே வேகத்தில் உடைந்தும் போகும். இரண்டு பக்கமும் கதவடைப்பு. மீதி இருந்த ஒரே வழி அழுத்தம். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு பங்கு அம்மோனியா ஆகின்றன. நான்கு, இரண்டாகச் சுருங்குகிறது. நெருக்கிப் பிடித்தால் வாயுக்கள் சுருங்கும் பக்கமாகவே சாயும்.

ஹேபரை மறுபடி இதற்குள் இழுத்து வந்தது ஓர் அவமானம். பெர்லினில் வால்டர் நெர்ன்ஸ்ட் தாம் கண்டறிந்த புதிய வெப்பத் தேற்றத்தைக் கொண்டு இந்த வினையைக் கணக்கிட்டார். ஹேபரின் எண் அதற்குப் பொருந்தவில்லை. நெர்ன்ஸ்ட் தாமே அழுத்தத்தின் கீழ் அளந்தும் பார்த்தார். இந்த வினையை அழுத்தத்தில் அளந்து காட்டிய பெருமையில் அவருக்குப் பங்கு உண்டு. 1907 மே மாதம் ஹாம்பர்கில் கூடிய புன்சன் சங்க மாநாட்டில், ஹேபரின் அளவீடு மிகவும் பிழையானது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். உண்மையான அளவு 0.0032 விழுக்காடுதான், இவ்வளவு குறைவென்றால் தொகுப்பு முறையில் அம்மோனியா செய்யும் எண்ணத்துக்கே இடமில்லை என்பது அவர் பேச்சின் சாரம்.

அதற்குள் ஹேபரின் ஆய்வகத்தில் மறுஅளவீடு நடந்திருந்தது. 0.0048 என்று வந்தது. பழைய கீழ் அளவுக்கு அது மிக அருகில். நெர்ன்ஸ்ட் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லாத அளவுக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். ஆனால் ஹேபரின் பெயரே அந்தத் தசமப் புள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் 30 வளிமண்டல அழுத்தத்தில் மீண்டும் அளக்கத் தொடங்கினார். இந்த இடத்தில்தான் ராபர்ட் லெ ரொசின்யோலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லெ ரொசின்யோல், ஜெர்சித் தீவில் 1884இல் பிறந்த பிரிட்டிஷ்காரர். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு 1906இல் கார்ல்ஸ்ரூவுக்கு வந்தார். ஹேபரின் ஆய்வகத்துக்கு அப்படிப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த தமாரு செட்சுரோ அம்மோனியாவின் வெப்ப அளவீடுகளைச் செய்துகொண்டிருந்தார். லெ ரொசின்யோலிடம் வேதியியலோடு இன்னொன்றும் இருந்தது. கருவி செய்யும் கை. அவரோடு சேர்ந்து உழைத்தவர் ஆய்வகத்தின் மெக்கானிக் ஃபிரீட்ரிஷ் கிர்ஷன்பவர். லேத்தும் அரமும் பிடித்த அந்தக் கை இல்லாமல் இந்த அத்தியாயமே இல்லை.

200 வளிமண்டல அழுத்தம் என்றால் என்ன? ஒரு விரல் நகம் அளவேயுள்ள ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 200 கிலோ எடை. உள்ளே இருப்பது ஹைட்ரஜன். வாயுக்களில் மிகச் சிறிய மூலக்கூறு. மயிரிழை இடைவெளி இருந்தாலும் கசியும். கசிந்தால் காற்றோடு கலந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அந்தக் காலத்து வேதியியல் ஆய்வகம் என்பது பெரும்பாலும் கண்ணாடிக் குடுவையும் ரப்பர்க் குழாயும். இந்த வேலைக்கு எஃகுக் குழாய் வேண்டும். அதைவிட முக்கியமாக, இத்தனை அழுத்தத்தை அடைத்துப் பிடித்துக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் திறந்துவிடக்கூடிய ஒரு வால்வு வேண்டும்.

அப்படியொரு வால்வைக் கூம்பு முனையும் நுண்ணிய மரையும் கொண்டதாக லெ ரொசின்யோல் வடிவமைத்தார். திருகைச் சற்றே நகர்த்தினால் கூம்பு தன் குழியிலிருந்து இழையளவு விலகும். வாயு அந்த இழையளவுக்கு மட்டும் போகும். திருப்பித் திருகினால் எஃகு எஃகின் மேல் அமர்ந்து மூடிக்கொள்ளும். கேட்க எளிது. அந்தக் கூம்பையும் குழியையும் ஒன்றுக்கொன்று பிசகில்லாமல் கடைந்து தேய்த்துப் பொருத்துவது பட்டறையில் எத்தனை நாள் வேலை என்பதை, அரம் பிடித்தவர்களிடம் கேட்டால்தான் தெரியும். நூல்களில் இந்த வரலாறு சமன்பாட்டில் தொடங்கிச் சமன்பாட்டில் முடிகிறது. என் கணிப்பில் அதன் திருப்புமுனை இந்த வால்வுதான். நெர்ன்ஸ்டிடம் ஹேபருக்குக் குறையாத கோட்பாட்டு அறிவு இருந்தது. அழுத்தக் கருவியும் இருந்தது. 200 வளிமண்டலம் வரை போய் நின்று பிடிக்கும் கருவியும், அதைச் செய்துகொடுக்கும் இரண்டு பேரும் கார்ல்ஸ்ரூவில் இருந்தார்கள்.

கருவியின் அமைப்பிலும் ஒரு பெரிய துணிவு இருக்கிறது. ஒருமுறை வாயுவைச் செலுத்தினால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் என்றுதான் அதுவரை எல்லோரும் பார்த்தார்கள். 200 வளிமண்டலத்தில், 600 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், எட்டு விழுக்காடு அளவுக்கே கிடைக்கும் என்று கணக்கு சொன்னது. மீதி 92 விழுக்காடு வீண் என்றே பிறர் நினைத்திருப்பார்கள். ஹேபர் அதை வெளியே விடவில்லை. வினை நடந்த வாயுவைக் குளிர்வித்தார். அம்மோனியா மட்டும் திரவமாகிக் கீழே இறங்கியது. மிச்ச வாயுவை ஒரு சிறிய பம்பு அழுத்தம் குறையாமலே மறுபடி வினையூக்கிக்கு அனுப்பியது. குறைந்த அளவுக்குப் புது வாயு சேர்ந்தது. வெளியே வரும் சூடான வாயு, உள்ளே போகும் குளிர்ந்த வாயுவைச் சூடாக்கிவிட்டுப் போனது. காற்றைத் திரவமாக்கிய லிண்டேயின் இயந்திரங்கள் இத்தகைய வெப்பப் பரிமாற்றத்தையும் இத்தகைய அழுத்தத்தையும் ஏற்கெனவே ஆலைக்குப் பழக்கியிருந்தன. ஹேபர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். சமநிலை எத்தனை விழுக்காடு என்ற கேள்வியின் இடத்தில், மணிக்கு எத்தனை கிராம் என்ற கேள்வி வந்து உட்கார்ந்தது. வேதியியலரின் கேள்வி பொறியியலரின் கேள்வியாக மாறிய இடம் அது.

1908 மார்ச்சில் பி.ஏ.எஸ்.எஃப் ஹேபரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர்களின் மனம் அப்போது மின்வில் கொண்டு காற்றை எரிக்கும் முறையில்தான் இருந்தது. அம்மோனியாவை ஓரமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

மீதி இருந்தது வினையூக்கி. இரும்பு, நிக்கல், மாங்கனீசு என்று பலவற்றைச் சோதித்தார்கள். பெர்லினில் அவுவர் விளக்கு நிறுவனத்துக்கு ஹேபர் ஆலோசகராக இருந்ததால், விளக்கின் இழைக்காக அவர்கள் வைத்திருந்த அரிய உலோகங்கள் கைக்குக் கிடைத்தன. 1909 மார்ச்சில் அவற்றில் ஒன்றான ஆஸ்மியம் தூளை உருளைக்குள் வைத்துப் பார்த்தார்கள். அம்மோனியா சொட்டத் தொடங்கியது. ஹேபர் ஆய்வகத்தில் அறை அறையாகப் போய் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம்.

பி.ஏ.எஸ்.எஃப் ஆட்கள் அவ்வளவு எளிதாக மகிழ்ந்துவிடவில்லை. நிறுவனத்தின் தலைவர் ஹைன்ரிஷ் பிரங்க், ஆய்வகத் தலைவர் பெர்ன்ட்சன், போஷ் மூவரும் கார்ல்ஸ்ரூவுக்கு வந்தார்கள். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கேட்டதற்கு, குறைந்தது 100 வளிமண்டலம் என்றார் ஹேபர். பெர்ன்ட்சன் திகைத்துப்போனார். தங்கள் ஆலையில் ஏழு வளிமண்டலத்திலேயே ஒரு கொப்பரை வெடித்துப் போனதைச் சொன்னார். பிரங்க் போஷைப் பார்த்தார். ஒன்பது ஆண்டுக்கு முன் ஆஸ்ட்வால்டின் தவற்றைக் காட்டிய அதே போஷ், இப்போது முடியும் என்றார். சார்லட்டன்பர்க் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் உலோகவியல் படித்தவர் அவர். எஃகுத் தொழிலால் எது முடியும் என்று தமக்குத் தெரியும், துணிந்து பார்க்கலாம் என்பது அவர் சொன்னதன் பொருள். அந்த அறையில் வேறு யார் சொல்லியிருந்தாலும் பிரங்க் கேட்டிருப்பாரா என்பது சந்தேகமே.

1909 கோடையில் பெரிய கருவி தயாரானது. பெரியது என்று அவர்கள் சொன்னாலும் ஒரு மேசைமேல் அடங்கும் அளவுதான். போஷும் வினையூக்கி ஆய்வாளர் ஆல்வின் மிட்டாஷும் கிரான்ஸ் என்பவரும் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் முன்னால் அழுத்தக் கருவியின் ஒரு போல்ட்டை இறுக்கியபோது அது முறிந்துவிட்டது. சரிசெய்ய மணிக்கணக்காகும் என்று தெரிந்ததும் போஷ் புறப்பட்டுப் போனார். மற்ற இருவரும் தங்கினார்கள். கிர்ஷன்பவரும் லெ ரொசின்யோலும் பழுது பார்த்து முடித்தபின், ஜூலை 2 அன்று கருவி ஓடியது. ஏறக்குறைய ஐந்து மணிநேரம் நிற்காமல் ஓடியதாக ஹேபர் மறுநாள் நிறுவனத்துக்கு எழுதினார். கண்ணாடி மட்டக்குழாயில் திரவ அம்மோனியா ஏறிக்கொண்டே இருந்தது. மணிக்கு ஏறக்குறைய 125 மில்லிலிட்டர். ஒரு தம்ளரை நிரப்பாது. மிட்டாஷ் ஹேபரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிறுவனம் உடனே கைக்கெட்டிய ஆஸ்மியம் முழுவதையும் வாங்கிக் குவித்தது.

அதன்பின் கார்ல்ஸ்ரூவில் அதிகம் நடக்கவில்லை. லெ ரொசின்யோல் அதே ஆண்டு அவுவர் நிறுவனத்துக்குப் போனார். காப்புரிமை வருவாயில் ஒரு பங்கை ஹேபர் அவருக்குத் தந்தார். ஹேபர் 1911இல் பெர்லின் டாலெமில் புதிதாக எழுந்த கைசர் வில்ஹெல்ம் ஆய்வு நிலையத்துக்குத் தலைவராகப் போனார். போட்டி நிறுவனம் ஒன்று காப்புரிமையை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, 1912இல் லைப்சிக் நீதிமன்றத்தில் பி.ஏ.எஸ்.எஃப் பக்கம் நின்று சாட்சி சொன்னவர், ஹாம்பர்கில் அவரை அவமானப்படுத்திய அதே நெர்ன்ஸ்ட்.

பெர்லினுக்குப் போன ஹேபரின் பின்கதையை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. 1914இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கடற்படை சிலி வெடியுப்பின் வரவைத் தடுத்தது. ஜெர்மனி வெடிமருந்துக்கு அம்மோனியாவை நம்பியது. அது இல்லாவிட்டால் அந்தப் போர் அத்தனை ஆண்டு நீண்டிருக்காது. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ர போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் ஹேபரே. பத்து நாள் கழித்து, மே 2 அன்று, கிளாரா தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹேபருக்கு அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. யூதராகப் பிறந்த ஒரே காரணத்துக்காக நாஜிகளின் ஆட்சியில் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, 1934 ஜனவரியில் பாசல் நகரில் இறந்தார்.

அதே அம்மோனியாதான் யூரியாவாகி உலகின் வயல்களில் இறங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த முறையில் பிடித்த நைட்ரஜனை நம்பி நிற்கிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மணலியிலும் தூத்துக்குடியிலும் உர ஆலைகள் அம்மோனியா செய்வது இதே முறையில்தான். காவிரிப் பாசன வயலில் விழும் வெள்ளைக் குருணையின் மூலம் கார்ல்ஸ்ரூவின் அந்த மேசையில் இருக்கிறது. நன்மையையும் தீமையையும் ஒரே தராசில் வைத்து ஹேபருக்குத் தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. லெ ரொசின்யோலும் கிர்ஷன்பவரும் பொதுநூல்களில் ஒரு வரிக்குள் அடங்கிவிடுவது மட்டும் நியாயமில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஹேபரே தம் நோபல் உரையில் லெ ரொசின்யோலின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

மேசைமேல் ஓடிய கருவியை ஆலையாக்கும் பொறுப்பு போஷ் தலையில் விழுந்தது. ஆஸ்மியத்தை நம்பி ஆலை நடத்த முடியாது. உலகத்திலேயே அது அவ்வளவு இல்லை. மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கடைசியில் சுவீடன் நாட்டுக் காந்த இரும்புத் தாதுவில் விடையைக் கண்டார். அதற்குள் இன்னொரு தொல்லை முளைத்தது. போஷின் முதல் எஃகு வினைக்கலன்கள் 80 மணிநேரம் ஓடியதும் வெடித்துச் சிதறின. அழுத்தத்தைத் தாங்கும் கனம் எஃகில் இருந்தது, கணக்கிலும் பிழையில்லை. உடைந்த துண்டுகளை உலோகவியல் கண்ணோடு பார்த்தபோது, ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதன் கரியைத் தின்றுவிட்டது தெரிந்தது. போஷ் அதற்குக் கண்ட வழியையும், 1913 செப்டம்பரில் ஓப்பாவில் முதல் ஆலை எழுந்ததையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.